தண்ணீரை வெளியேற்றாமல் தடாகத்தைத் துப்புரவாக்குவது: படுவான்கரையிலிருந்து ஒரு நோக்கு

நீச்சல் தடாகத்தின் அடியில் தானாக ஊர்ந்து மண்ணையும் இலையையும் பாசியையும் உறிஞ்சியெடுக்கும் ரோபோ, தடாகம் உள்ள நாடுகளில் இன்று சாதாரண வீட்டுச் சாமான். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் நின்று பார்ப்பவருக்கு அது தொலைதூரத்துப் பொருளாகத் தோன்றலாம். தான்தோன்றீச்சரர் கோயிலையும் வயல்வெளியையும் வாவியையும் சுற்றி வாழும் ஊர் இது. இங்கே தடாகம் உள்ள வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனாலும் அந்தத் தூரம் குறைந்துகொண்டு வருகிறது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தவர்கள் இப்போது சில நிமிடங்களில் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போய்விடுகிறார்கள். வடக்கே பாசிக்குடாவில், உள்நாட்டுப் போர் முடிந்த பின் 2011 முதல் கடற்கரை விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. அவற்றின் தடாகங்களைப் பராமரிக்கும் வேலை இந்த மாவட்ட இளைஞர்களுக்கும் ஒரு பிழைப்பாகியிருக்கிறது. சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர்கள் ஊரில் கட்டும் வீட்டின் வரைபடத்தில் தடாகத்துக்கும் ஓர் இடம் ஒதுக்குவது இனிப் புதுமையாக இருக்காது. பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கப் பொதுத் தடாகங்கள் வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது. வாவியும் குளங்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த நிலத்தில் நீச்சல் தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வது ஆபத்து. ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாகக் கடைப்பிடிப்பதும் இந்த ஆபத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஆகவே இந்தக் கேள்வியை இப்போதே முழுமையாக ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளது. தடாகம் துப்புரவாக்கும் ரோபோ மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்குப் பொருந்துமா? பொருந்துமென்றால் யாருக்கு, எந்த நிபந்தனையில்? இயந்திரத்தின் சாமர்த்தியத்தையோ மிச்சமாகும் நேரத்தையோ வைத்து இங்கே விடை சொல்ல முடியாது என்பது என் முடிவு. உவர்நீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையை வைத்துக்கொண்டு வாழும் நிலம் இது. இங்கே தடாகத்து நீரை வெளியேற்றாமல் அதைத் துப்புரவாக வைத்திருக்க எது உதவுகிறதோ அதுவே நல்ல கருவி. ரோபோவையும் அந்த ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்.

இயந்திரம் வந்த வழி

தடாகத்தின் அடியை இயந்திரத்தால் துடைக்கும் எண்ணம் நூறு ஆண்டுக்கும் பழையது. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரைச் சேர்ந்த ஜோன் டேவிசன் 1912இலேயே இத்தகைய ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வீட்டுத் தடாகங்கள் பெருகிய பின் வந்த பெரிய மாற்றம் தென்னாபிரிக்காவில் நிகழ்ந்தது. பேர்டினண்ட் ஷோவியே என்ற நீரியல் பொறியியலாளர் 1974இல் ‘கிரீப்பி கிராலி’ என்ற கருவியை உருவாக்கினார். தடாகத்தின் பம்பு இழுக்கும் உறிஞ்சல் விசையிலேயே அது தானாக நகர்ந்து அடியைத் துடைத்தது. தனி மோட்டருடன் இயங்கும் ரோபோக்கள் 1980களில் பரவலாயின. இன்று ‘டொல்பின்’ என்ற பெயரில் ரோபோக்களை விற்கும் மேட்ரோனிக்ஸ் நிறுவனம் 1983இல் இஸ்ரேலின் ஒரு கிபுட்சில், அதாவது கூட்டுப்பண்ணைக் கிராமத்தில், தொடங்கப்பட்டது. கடந்த சில ஆண்டுகளில் சீன நிறுவனங்கள் மின்கலத்தில் ஓடும் கம்பியில்லாத ரோபோக்களைக் குறைந்த விலைக்குச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

உள்ளமைப்பு எளிமையானது. கம்பி உள்ள ரோபோவில் மூன்று பகுதிகள் உண்டு. கரையில் வைக்கும் மின்வழங்கி 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி 24 அல்லது 30 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. மிதக்கும் நீண்ட கம்பி அதை ரோபோவுக்குக் கொண்டுபோகிறது. ரோபோவின் உடலுக்குள் சக்கரங்களை ஓட்டும் மோட்டரும் நீரை இழுக்கும் மோட்டரும் நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்கின்றன. நகரும்போது தூரிகைகள் தரையில் படிந்ததைச் சுரண்டிக் கிளப்புகின்றன. கிளம்பிய அழுக்கு நீருடன் சேர்ந்து உடலுக்குள் இழுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் வலைக்கூடை அழுக்கைப் பிடித்துக்கொள்ள, நீர் மேற்பக்கத்தால் தடாகத்துக்கே திரும்பிவிடுகிறது. அப்படி மேலே தள்ளப்படும் நீரின் எதிர்விசைதான் ரோபோவைத் தரையோடு அழுத்திவைக்கிறது. நல்ல மாதிரிகள் சுவரிலும் ஏறி நீர்மட்டக் கோடு வரை துடைப்பதற்கும் இந்த விசை உதவுகிறது. விலை கூடிய மாதிரிகளில் திசை அறியும் கருவியும் இருப்பதால், போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகாமல் ஒழுங்காக முழுத் தரையையும் துடைக்கின்றன.

கையும் குழாயும் ரோபோவும்

தடாகத்தின் அடியைத் துடைக்க இன்று நான்கு வழிகள் உண்டு. முதலாவது, கையால் செய்வது. நீண்ட தடியில் வலையைப் பூட்டி இலையை அள்ளி, தூரிகையால் சுவரைத் தேய்த்து, உறிஞ்சு தலையைக் குழாயில் பொருத்தி அடியை மெதுவாகத் துழாவுவார்கள். செலவு குறைந்த வழி இதுதான். பழகிய கை எந்த மூலையையும் விடாது. ஆனால் வெயிலில் நின்று செய்யும் முதுகுடைக்கும் வேலை. அவசரப்பட்டால் அழுக்கு கலங்கி நீரெல்லாம் மங்கிப்போகும்.

இரண்டாவது, பம்பின் உறிஞ்சலில் ஓடும் கருவி. விலை குறைவு, உள்ளே மின்சாரம் இல்லை, பழுதும் எளிதில் பார்க்கலாம். ஆனால் அது எடுக்கும் மண் முழுவதும் தடாகத்தின் மணல் வடிகட்டிக்கே போகிறது. வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அடைபட்டால் நீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு அதைக் கழுவ வேண்டும். மூன்றாவது, அழுத்த நீரில் ஓடும் கருவி. இலைகளை அள்ளுவதில் கெட்டி, ஆனால் பல மாதிரிகளுக்குத் தனி அழுத்தப் பம்பு வேண்டும். நான்காவது ரோபோ. தடாகத்தின் பம்பையும் வடிகட்டியையும் தொடாமல் தன் அழுக்கைத் தன் கூடையிலேயே சேர்த்துக்கொள்கிறது.

விற்பவர்கள் நேர மிச்சத்தைத்தான் முதலில் பேசுவார்கள். நமக்கு முக்கியம், பிடித்த அழுக்கு எங்கே போகிறது, அதோடு எவ்வளவு நீர் போகிறது என்பது.

நீரின் கணக்கு

10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் சராசரி ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள ஒரு தடாகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 75,000 லீற்றர் நீர் இருக்கும். 10,000 லீற்றர் பவுசர் ஏழரைத் தடவை வந்து இறக்கினால்தான் அது நிரம்பும். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஐந்து மாதம் புழங்கும் நீர் அது. படுவான்கரையின் சில கிராமங்களில் வரட்சிக் காலத்தில் குடிநீரே பவுசரில் வரும்போது, இந்தக் கணக்கைப் பாராமல் தடாகத்தைப் பற்றிப் பேச முடியாது. சிறுபோக நெற்செய்கையில் எத்தனை ஏக்கருக்கு நீர் தரலாம் என்பதைக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டத்தில் இருந்து முடிவுசெய்யும் நிலம் இது. இங்கே நீர் ஒருவருடைய தனிச் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை.

நிரப்பும் நீரைவிடத் துப்புரவின்போது வெளியேறும் நீரே ஆண்டு முழுவதும் கணக்கை ஏற்றுகிறது. தடாகத்தின் அடியில் நிறைய மண் சேர்ந்துவிட்டால், வடிகட்டி அடைபடாமல் இருக்க, உறிஞ்சிய நீரை நேரே வெளியே விடுவது பராமரிப்பாளரின் வழக்கம். மணிக்கு 10,000 லீற்றர் இழுக்கும் பம்பு அரை மணி நேரம் அப்படி ஓடினால் 5,000 லீற்றர் போய்விடும். வாரம் ஒரு முறை என்றால் மாதம் 20,000 லீற்றர். வடிகட்டியைக் கழுவ மூன்று முதல் ஐந்து நிமிடம் நீரை வெளியே விட்டாலும் ஒவ்வொரு முறையும் 500 முதல் 800 லீற்றர் வரை போகும். ரோபோவின் வலைக்கூடையைக் கழுவ வேண்டியது சில வாளி நீர் மட்டும். வடிகட்டியைக் கழுவும் வேலை ரோபோ வந்த பின்னும் இருக்கும், ஆனால் அதன் இடைவெளி நீளும்.

ஆவியாகும் நீரையும் மறக்கக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் தடாகத்திலிருந்து 5 மில்லிமீற்றர் நீர் ஆவியானால், 50 சதுர மீற்றர் பரப்பில் அது நாளொன்றுக்கு 250 லீற்றர். இதை ரோபோவால் தடுக்க முடியாது. மேலே விரிக்கும் மூடிதான் தடுக்கும். ரோபோவுக்கு முன் மூடியை வாங்குங்கள் என்று தடாக உரிமையாளருக்கு நான் சொல்வது இதனால்தான். மூடி இலையையும் தூசியையும் தடுப்பதால் துடைக்கும் வேலையும் குறையும்.

இறைப்பது துப்புரவு ஆகாது: 2004 தந்த பாடம்

இந்தக் கரையில் நீரை இறைத்துத் துப்புரவாக்குவதன் ஆபத்தை 2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த மாதங்கள் காட்டின. சுனாமி அலை எழுவான்கரையின் மணற்பாங்கான ஒடுங்கிய நிலத்தை மூடி, வீட்டுக் கிணறுகளை உப்புநீரால் நிரப்பிவிட்டுப் போனது. கிணறுகளைத் துப்புரவாக்க உதவி அமைப்புகள் பம்புகளுடன் வந்தன. இறைத்து இறைத்து ஊற்றினார்கள். சேறும் குப்பையும் போயின. ஆனால் பல கிணறுகளில் உப்பு போகவில்லை. மணலுக்குள் மழையால் ஊறிய நன்னீர், கனமான உவர்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மேலிருந்து அளவுக்கு மேல் இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவரும். கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையின் கிணறுகளை ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப இறைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதும், மழைநீர் ஊறிச் சென்று உப்பைக் கழுவுவதே நிலத்தடி நீர் மீளும் வழி என்பதும் அந்த அனுபவத்திலிருந்து தெளிவாயின.

கிணற்றுக்கும் தடாகத்துக்கும் வேறுபாடு உண்டு. தடாகம் நிலத்தடி நீரோடு கலப்பதில்லை. ஆனால் அதை முழுவதும் வெளியேற்றி மறுபடி நிரப்புகிறவர் அந்த நீரை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். வீட்டுக் குழாய்க்கிணற்றிலிருந்து ஒரே மூச்சில் 75,000 லீற்றரை இழுத்தால், அடியில் இருப்பது மேலே வரும் ஆபத்து உண்டு. தன் வீட்டுக் கிணறு மட்டுமல்ல, அயல்வீட்டுக் கிணறும் அதில் சிக்கலாம். வெளியேற்றும் குளோரின் நீரைக் காணிக்கோ வாவிக்கோ விடுவது செடிக்கும் மீனுக்கும் கேடு. வெளியேற்றத்தான் வேண்டும் என்றால், குளோரின் இடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, அளந்து பார்த்த பின்பே விட வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெறுமையான தடாகம் இந்த நிலத்தில் பாதுகாப்பானதல்ல. மழைக்காலத்தில், கார்த்திகையிலிருந்து தை வரை, வாவியோரத்திலும் கடலோரத்திலும் நிலத்தடி நீர் நிலமட்டத்தை நெருங்கி ஏறும். அது தடாகத்தின் அடித்தளத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஒரு தொன் விசையோடு மேலே தள்ளும். நம் 50 சதுர மீற்றர் தடாகத்துக்கு அது 50 தொன். நிரம்பிய நீரின் எடைதான் இந்தத் தள்ளலைச் சமன் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கண்ணாடி இழைத் தடாகம், வெறுங்குடம் நீரில் மிதப்பதுபோல, மண்ணிலிருந்து கிளம்பலாம். கொங்கிரீட் தடாகத்தின் தரை வெடிக்கலாம். மழைக்காலத்தில் தடாகத்தை இறைத்துவிட்டுக் கழுவுகிறவர், கட்டடத்துக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். முழுவதும் இறைப்பது என்பது பழுது பார்க்க மட்டும், உலர் பருவத்தில், பொறியியலாளரின் ஆலோசனையோடு செய்ய வேண்டிய வேலை.

இறைக்கக் கூடாதென்றால், நீர் உள்ளே இருக்கும்போதே துடைத்தாக வேண்டும். ரோபோ இந்தப் பிரதேசத்துக்கு உண்மையாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

மின்சாரமும் பணமும்

ஒரு வீட்டு ரோபோ ஓடும்போது ஏறத்தாழ 100 முதல் 200 வாட் மின்சாரம் எடுக்கும். 150 வாட் ரோபோ இரண்டு மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். வாரம் மூன்று முறை என்றாலும் மாதத்துக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது. பம்பின் உறிஞ்சலில் ஓடும் கருவிக்கு ஒரு கிலோவாட் அளவிலான பெரிய பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பம்பு நீரை வடிகட்ட எப்படியும் தினமும் சில மணி நேரம் ஓடத்தான் போகிறது. ஆகவே மின்சார மிச்சம் விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. ஆனாலும் இலங்கையின் மின்கட்டணம் சராசரியாக 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டதை அனுபவித்தவர்களுக்கு, சிறிய மிச்சமும் பொருட்டே.

பெரிய செலவு கொள்வனவில்தான். கம்பியுள்ள நல்ல ரோபோக்கள் வெளிநாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 500 முதல் 1,500 அமெரிக்க டொலர் வரை விலைபோகின்றன. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் ரூபாய் வரை. வரியும் ஏற்றுக்கூலியும் தனி. வருடத்தில் விடுமுறைக்கு ஒரு மாதம் மட்டும் ஆள் வந்து தங்கும் வீட்டுக்கு இது நியாயமான செலவு இல்லை. அந்த வீட்டுக்கு மூடியும் ஊரில் ஒரு நம்பிக்கையான பராமரிப்பாளரும் போதும். நாளாந்தம் பலர் குளிக்கும் விடுதித் தடாகத்துக்கும் பயிற்சித் தடாகத்துக்கும் கணக்கு வேறு. அங்கே அழுக்கு ஒவ்வொரு நாளும் சேர்கிறது, வெளியேறும் நீரும் அதே அளவில் கூடுகிறது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிக்கொண்டு வருவதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கும் மின்வழங்கிகள் பல, 110 முதல் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. அவற்றை நம் 230 வோல்ட்டில் பூட்டினால் எரிந்துபோகும். மின்வழங்கியின் ஒட்டுத்தாளைப் படித்துப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். கம்பியில்லாத ரோபோக்களில் லித்தியம் மின்கலம் இருக்கிறது. விமானப் பயண விதிகளின்படி 100 வாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத்துக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160ஐத் தாண்டினால் பயணப் பொதியில் கொண்டுவரவே முடியாது. தடாக ரோபோக்களின் மின்கலம் இந்த எல்லையைத் தாண்டக்கூடும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

ரோபோவால் முடியாதவை

தரை பளபளப்பாக இருப்பது வேறு, நீர் பாதுகாப்பாக இருப்பது வேறு. ரோபோ கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுக்கிறது. கிருமியைக் கொல்வது குளோரின்தான். நீரின் காரஅமில நிலை 7.2க்கும் 7.8க்கும் இடையிலும், கட்டற்ற குளோரின் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவிலும் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. நம் வெயிலில் குளோரின் வேகமாக அழிகிறது. நீரின் வெப்பநிலை 30 பாகைக்கு மேல் போகும் மாதங்களில் பாசி ஓரிரு நாளிலேயே பிடித்துவிடும். காலையும் மாலையும் அளந்து பார்க்கும் சோதனைப் பெட்டி இல்லாத இடத்தில் ரோபோ இருந்து பயனில்லை.

2024இல் கேரளத்தில் நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூளையைத் தாக்கிப் பிள்ளைகள் சிலர் இறந்தார்கள். வெதுவெதுப்பான, கிருமிநீக்கம் செய்யப்படாத நீர் மூக்குக்குள் ஏறுவதுதான் அந்த நோய்க்கு வழி. நோய் அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரை எடுத்துவிடும். குளங்களையும் கிணறுகளையும் தடாகங்களையும் குளோரின் இட்டுப் பேண வேண்டும் என்ற அறிவுறுத்தல் அங்கே கடுமையாக்கப்பட்டது. வெப்பநிலையில் நம் பிரதேசம் கேரளத்துக்குக் குறைந்ததல்ல.

டெங்கும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டவர்கள் டெங்குச் சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள். ஓடாமல், மருந்திடாமல் கிடக்கும் தடாகம் நுளம்பு பெருகும் பெரிய தொட்டி. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அதைத் தொடர்ந்து வந்த கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின. அத்தகைய காலத்தில் தடாகத்தைக் கைவிட்டுப் போகாமல், பம்பை ஓட்டி, குளோரின் இட்டுவருவது உரிமையாளரின் பொதுக் கடமை. பச்சையாகிப்போன தடாகத்தில் ரோபோவை இறக்குவதும் தவறு. பாசியை முதலில் மருந்தால் கொன்று, வடிகட்டி, நீர் தெளிந்த பின்பே அடியில் படிந்ததை எடுக்க அதை இறக்கலாம்.

காலைக் கழுவாமல் தடாகத்துக்கு வருகிறவரையும் ரோபோ திருத்தாது. பாசிக்குடாவிலும் கல்லடியிலும் கால்களில் ஒட்டி வரும் நுண்மணலே தடாகத்தின் முதல் அழுக்கு. தடாகத்துக்கு இறங்கும் முன் காலையும் உடலையும் கழுவும் ஒரு சிறு குழாய், இலட்ச ரூபாய் ரோபோவின் பாதி வேலையைச் செய்துவிடும்.

வைத்திருப்பவரின் வேலை

ரோபோவை வாங்கியவருக்கு வேலை குறைகிறது, தீர்வதில்லை. நம் சூழலில் சில பழக்கங்கள் கட்டாயம்.

மின்வழங்கியைத் தடாக ஓரத்திலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி, நிழலில், மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். அது பூட்டப்படும் சுற்றில் ட்ரிப் சுவிட்ச் இருந்தாக வேண்டும், மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ரோபோ நீருக்குள் இருக்கும்போது ஒருவரும் குளிக்கக் கூடாது. இடியும் மின்னலும் உள்ள மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இறக்கும்போது ரோபோவைத் தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ அசைத்து, உள்ளிருக்கும் காற்று குமிழியாக வெளியேறிய பின்பே விட வேண்டும். இல்லாவிட்டால் அது மிதந்துகொண்டே நிற்கும். தூக்கும்போது கம்பியை மெதுவாக இழுத்து மேற்பரப்புக்குக் கொண்டுவந்து, பிறகு கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். கம்பியால் முழு எடையையும் தூக்கினால் கம்பி உள்ளேயே அறுந்து, பழுது பெருஞ்செலவாகும். வேலை முடிந்ததும் நீரிலேயே விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. குளோரின் நாளடைவில் இறப்பரையும் பிளாஸ்ரிக்கையும் தின்றுவிடும். வலைக்கூடையை அழுக்கு காய்வதற்கு முன் கழுவ வேண்டும். ரோபோவை வெயிலில் காயவைக்கக் கூடாது. முறுக்கேறிய கம்பியை மட்டும் நேராக விரித்து வெயிலில் சற்று நேரம் போட்டால் முறுக்கு தளரும்.

மணல் இந்தக் கரையில் ரோபோவின் பெரிய எதிரி. நுண்மணல் பெரிய கண் வலையால் வெளியேறி மறுபடி தரையில் படிகிறது. ஆகவே நுண்வலை வேண்டும். ஆனால் வாடைக் காற்றுக் காலத்தில் இலை நிறைய விழும்போது நுண்வலை உடனே அடைத்துக்கொள்ளும். இரண்டு வலைகளும் இருந்தால் காலத்துக்கேற்ப மாற்றலாம். மணல் உருளைத் தூரிகையையும் பட்டிகளையும் உள்விசிறியையும் தேய்க்கிறது. இந்த மூன்றும் தேயும் பாகங்கள், வாங்கும்போதே உதிரியாகச் சேர்த்து வாங்குவது புத்தி. வழுக்கும் ஓடு பதித்த தடாகத்துக்குச் சாதாரண இறப்பர்த் தூரிகை பிடிக்காது, பஞ்சுத் தூரிகை வேண்டும். கடல்நீர் நிரப்பிய தடாகத்துக்குப் பல மாதிரிகள் பொருந்துவதில்லை. உற்பத்தியாளர் சொல்லும் உப்பளவையும் வெப்பநிலை எல்லையையும் பார்த்தே வாங்க வேண்டும். பல மாதிரிகளுக்கு அந்த எல்லை 35 பாகை. ஆழமில்லாத சிறுவர் தடாகத்து நீர் நம் நடுப்பகலில் அதை நெருங்கும், எனவே அதிகாலையில் ஓட்டுவதே நல்லது.

பழுது பார்ப்பதுதான் கடினமான இடம். மோட்டர்ப் பெட்டி முழுதாக அடைத்து வருவதால் ஊரில் உள்ள மோட்டர் சுற்றுகிறவரால் அதைத் திறந்து சரிசெய்ய முடியாது. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். இலங்கைக்குள் உதிரிப்பாகமும் உத்தரவாதமும் தரும் விற்பனையாளரிடம் சற்றுக் கூடிய விலைக்கு வாங்குவது, இணையத்தில் மலிவாக வாங்குவதைவிட நீண்டகாலத்தில் இலாபம்.

தடாகத் தொழிலாளியின் இடம்

இந்த ஆய்வில் விட்டுவிட முடியாத ஒருவர் தடாகத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. ரோபோ வந்தால் அவருடைய வேலை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அடியைத் துடைப்பதைத் தவிர, மேலே சொன்ன வேலைகளில் எதையும் ரோபோ தானாகச் செய்வதில்லை. நீரை அளப்பதும் குளோரினை எவ்வளவு இடுவது என்று முடிவெடுப்பதும் வடிகட்டியைக் கவனிப்பதும் ரோபோவைப் பேணுவதும் அவருடைய அறிவையே நம்பியிருக்கின்றன.

அவருக்கு இன்று தேவையானது பயிற்சியும் பாதுகாப்பும். ஒருவகைக் குளோரின் தூளை இன்னொரு வகையோடு கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். அமிலத்தோடு குளோரின் சேர்ந்தால் நச்சு வாயு எழும். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டும், அமிலத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடும் முறையை நம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நன்கு அறிவார்கள். அந்த அறிவையே விரித்து, தடாகத் தொழிலாளருக்கு ஒரு குறுகிய பயிற்சியாகத் தமிழில் கொடுக்க முடியும். சுற்றுலா விடுதிகளில் வேலை தேடும் படுவான்கரை இளைஞருக்கு அது ஒரு கைத்தொழிலாகும். ரோபோவால் மிச்சமாகும் நேரம் நீரைச் சோதிப்பதற்குப் போக வேண்டும். ஆளைக் குறைப்பதற்கு அதைக் காரணமாக்கினால் முதலில் கெடுவது நீரின் தரமே.

யார் வாங்க வேண்டும்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பரிந்துரை இதுதான். நாளாந்தம் பலர் இறங்கும் தடாகம் எதுவாக இருந்தாலும், அது விடுதியாகட்டும் பாடசாலையாகட்டும் பயிற்சி நிலையமாகட்டும், அங்கே ரோபோ பொருத்தமானது. நீரை வெளியே விட்டுத் துடைக்கும் வழக்கத்தை நிறுத்துவது என்ற நோக்கத்தோடு அதை வாங்க வேண்டும். வாங்கும் முன்னும் பின்னும் தடாகத்தில் நிரப்பும் நீரின் அளவை மீற்றர் வைத்துப் பதிந்தால், மிச்சம் உண்மையா என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும். அருகருகே உள்ள சிறிய விடுதிகள் ஒரு ரோபோவைக் கூட்டாக வாங்கிப் பகிரலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் ஓடும் கருவி அது. ஒரு தடாகத்தின் அழுக்கும் பாசியும் இன்னொன்றுக்குப் போகாமல் இடையில் கழுவிக் காயவைத்தால் போதும்.

தனி வீட்டுத் தடாகத்துக்கு வரிசை வேறு. முதலில் மூடி, அடுத்து சோதனைப் பெட்டி, பிறகு கால் கழுவும் குழாய், அதன் பின் பயிற்சி பெற்ற ஒருவருக்கு நியாயமான கூலி. இந்த நான்கும் ஒழுங்காக நடக்கும் வீட்டில், ஆண்டு முழுவதும் தடாகம் பயன்பட்டால் மட்டும் ரோபோ. தடாகம் கட்டவே யோசிப்பவருக்கு ஒரு சொல்: நிலத்தடி நீர் எவ்வளவு உயரத்துக்கு ஏறுகிறது என்பதை ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்த பின்பே குழியை வெட்டுங்கள். எங்கிருந்து நீர் எடுப்பீர்கள், எங்கே விடுவீர்கள் என்ற இரண்டு கேள்விக்கும் விடை வரைபடத்திலேயே இருக்கட்டும்.

பிரதேச சபைகளும் சுகாதார அதிகாரிகளும் இதில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். புதிய தடாகத்துக்கு அனுமதி கொடுக்கும்போது மூடியும் நீர் அளக்கும் மீற்றரும் கழிவுநீர் விடும் ஏற்பாடும் இருக்கின்றனவா என்று கேட்பது பெரிய செலவில்லாத வேலை. அப்படிக் கேட்கும் பழக்கம் வந்தால், பொதுப் பயிற்சித் தடாகங்களை அச்சமின்றி வரவேற்கலாம். நம் பிள்ளைகள் நீச்சல் பழக அவை வேண்டும், அவற்றுக்காக ஒரு கிணறும் உவராகக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற உதவும் அளவுக்கே ரோபோ நமக்குத் தேவை.